மூணு கட்டையில் ஐந்து பேர்

வேலைக்குப் போய்க்கொண்டே வாத்தியம் பழகுகிற ஐந்து பேர் நாங்கள். ஞாயிறு சாயங்காலம் கூடி வாசிக்கிறோம். இப்போதுதான் ஒரு உருப்படியை, அதாவது ஒரு பாட்டை, எடுத்த இடத்திலிருந்து நிற்காமல் கொண்டுபோய் முடிக்க வருகிறது. எங்களைப் போல வெவ்வேறு வாத்தியத்தை வைத்துக்கொண்டு சேர்ந்து வாசிக்கப் பார்க்கிறவர்களுக்கு உதவும் என்று, இதுவரை செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

இடம் திருச்சி பொன்மலைப்பட்டி, ஆர்மோனிய அண்ணன் வீட்டு மொட்டை மாடி. அண்ணன் பொன்மலை ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மார்கழி பஜனையில் பெட்டியைத் தொட்டு, பிறகு ஊர்த் திருவிழா நாடகங்களுக்குப் பின்பாட்டு வாசித்தவர். வீணை அக்கா நர்ஸ், வாரத்துக்கு வாரம் டியூட்டி மாறும். கஞ்சிரா என்கிற சின்னத் தோல் வாத்தியம் வாசிக்கிற தம்பிக்கு லேத் பட்டறையில் வேலை. கிடார் தம்பி இன்ஜினியரிங் கடைசி வருஷம். நான் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன், வாசிப்பது புல்லாங்குழல். மேடை ஏறும் எண்ணம் எங்களில் யாருக்கும் இல்லை.

சேர்ந்து வாசிப்பதில் முதல் வேலை சுருதி. சுருதியின் உயரத்தை ஆர்மோனியக் கட்டையின் எண்ணால் சொல்வது நம் வழக்கம், எண் ஏற ஏறச் சுருதியும் ஏறும். என் குழல் 5 கட்டை. அக்காவின் வீணை 3 கட்டையில் நிற்கிறது, அதற்கு மேல் தந்தியை முறுக்க அவருக்கு மனசில்லை. கிடாரைப் பார்த்தால் மேல் தந்தி, கீழ்த் தந்தி இரண்டுமே மேற்கத்தியப் பெயரில் ஈ, அதாவது நம் கணக்கில் 3 கட்டை. இரண்டாம் தந்தி பி. 3 கட்டையை ஆதார சுருதியாக வைத்தால் எந்த விரலையும் வைக்காமலே சட்ஜமும் (ச) பஞ்சமமும் (ப) கிடாரில் தயாராக இருக்கின்றன. அதனால் 3 கட்டை என்று முடிவு செய்தோம். நான் புதுசாக ஒரு குழல் வாங்கினேன். சுருதி இறங்க இறங்கக் குழல் நீளும், துளைகள் தள்ளித் தள்ளிப் போகும். வலது மோதிர விரல் அதன் துளையை முழுசாக மூடப் பழகும்வரை கீழ் ஸ்வரங்களில் காற்று கசிந்துகொண்டே இருந்தது. நுனி விரலால் மூடாமல் விரலின் சதைப்பகுதியைத் தட்டையாகப் படுக்க வைத்தபோதுதான் துளை முழுசாக அடைபட்டது.

அண்ணனுக்குத்தான் பெரிய மாற்றம். மைக் இல்லாத காலத்து நாடகப் பாடகர்கள் 5 கட்டைக்கு மேல் பாடினார்கள். அந்த வழியில் வந்த விரல் அண்ணனுடையது. 3 கட்டையில் மோகன ராகம் (ச ரி க ப த என்ற ஐந்து ஸ்வரம்) வாசிக்க ரிஷபம் (ரி), காந்தாரம் (க), தைவதம் (த) மூன்றும் கறுப்புக் கட்டைக்குப் போய்விடும். "இந்த வயசுல வேற வீட்டுக்குக் குடிபோன மாதிரி இருக்குப்பா" என்றார். ஆனாலும் தினமும் காலையில் காபிக்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து, கை பார்க்காமல் போகிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

வெயில் காலத்தில் வேறொரு சங்கதி தெரிந்தது. சித்திரை மாதம் மாடியில் வாசித்தால் என் குழல் ஆர்மோனியத்தைவிட ஏறி நிற்கும். காற்று சூடாகச் சூடாக அதில் ஒலி வேகமாகப் போகும், குழலின் சுருதியும் கூடவே ஏறும். 10 டிகிரி வித்தியாசத்துக்குக் கணக்குப்படி கிட்டத்தட்ட 30 சென்ட் (சுருதி வித்தியாசத்தை அளக்கிற அலகு). அரை ஸ்வரத்துக்கே 100 சென்ட்தான் என்பதால் இது காதில் நன்றாக உறுத்தும். ஊதுகிற மூச்சின் சூடும் உள்ளே இருப்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறைவாக வரும், அவ்வளவுதான். ஆர்மோனிய ரீடை உட்கார்ந்த இடத்தில் மாற்ற முடியாது. குழலை உதட்டில் வைத்தபடியே உள்பக்கமாகச் சற்று உருட்டினால் சுருதி இறங்கும், வெளியே உருட்டினால் ஏறும். ஆகவே எங்கள் கூட்டத்தில் ஆர்மோனியம் சொன்னதே சட்டம், மற்றவர்கள் அதற்குச் சேர வேண்டும். வீணைக்கும் வெயில் ஆகாது. தந்தியை அழுத்திப் பிடிக்கிற அதன் 24 மெட்டுகளும் மெழுகில் பதித்தவை. மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிட்டால் மறுபடி மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சரியான இடத்தில் பதிக்க, ஆள் தேட வேண்டும். பங்குனி பிறந்ததும் கீழ் ஹாலுக்கு வந்துவிடுகிறோம். அங்கே ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் வாசிப்பு, ஃபேன் காற்று குழலின் வாயில் பட்டால் ஒலி உடைந்துவிடும். எனக்காக நாலு பேர் வியர்வையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இவ்வளவு ஏற்பாடு செய்தும் ஆரம்பத்தில் வாசிப்பு ஒட்டவில்லை. அவரவர் பாடத்தை அவரவர் ஒப்பிப்பதாகவே இருந்தது. அப்போது அக்கா ஒரு யோசனை சொன்னார். வாத்தியத்தை எடுக்கும் முன்னால், அந்த வாரம் தான் அதிகம் கேட்ட ஒரு பாட்டை ஒருவர் கொண்டுவர வேண்டும். ஸ்பீக்கரில் முழுசாகப் போட வேண்டும், நடுவில் யாரும் பேசக்கூடாது. முடிந்ததும் அதை நாளில் எந்த நேரத்தில், எங்கே வைத்துக் கேட்டார் என்று சொல்ல வேண்டும். நல்ல பாட்டா, மட்டமா என்ற பேச்சே கிடையாது. இந்தப் பழக்கம்தான் எங்களை ஒரு கூட்டமாக ஆக்கியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கிடார் தம்பியின் முறை வந்தபோது மெட்டல் என்கிற அதிரடி ராக் இசை போட்டான். டிஸ்டார்ஷன் போட்டு ஒலியைக் கரகரப்பாக்கிய கிடார், டபுள் பாஸ் டிரம், தொண்டை கிழிகிற குரல். ஹாஸ்டலில் படிப்பு ஓடாத ராத்திரிகளில் ஹெட்போனில் கேட்பானாம். அண்ணன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்ததும் அக்கா, "இந்த இரைச்சலுக்கு அடியில ச, பதானே ஓடுது? தம்புரா மாதிரி?" என்றார். தம்பி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் கிடாரை எடுத்துக் காட்டினான். கிடாரில் சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது கார்டு, பவர் கார்டு என்பது அதேதான்: ஆதார ஸ்வரமும் அதன் பஞ்சமமும், காந்தாரம் கிடையாது. ஒரு கார்டு மேஜரா மைனரா என்று காட்டுவதே காந்தாரம், அது இல்லாததால் இது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. டிஸ்டார்ஷன் போடும்போது காந்தாரமும் சேர்ந்தால் ஒலி குழம்பிவிடும் என்பதால் அந்த இசைக்காரர்கள் அதை விட்டுவிடுகிறார்களாம்.

அதுவரை எங்களுக்குத் தீராமல் இருந்த ஒரு பிரச்சினை அன்றைக்கே தீர்ந்தது. மோகனத்துக்குத் தம்பி வழக்கமான ஈ, ஏ, பி என்று மூன்று கார்டு போட்டுவந்தான். ஏ கார்டில் மத்தியமம் (ம) இருக்கிறது, பி கார்டில் நிஷாதம் (நி). மோகனத்தில் இரண்டுமே கிடையாது. குழலில் நான் என்னதான் ராகத்தைப் பிடித்து வைத்தாலும், கார்டு மாறுகிற ஒவ்வொரு தடவையும் ராகம் கையைவிட்டுப் போகும். மோகனத்தின் ஐந்து ஸ்வரத்துக்குள் முழுசாக அமைகிற கார்டு இரண்டே இரண்டு: ஈ மேஜர், சி ஷார்ப் மைனர். இப்போது தம்பி பெரும்பாலும் ச, ப மட்டும் மீட்டுகிறான், தைவதத்தில் நின்று இளைப்பாறுகிற இடங்களில் மட்டும் அந்த மைனரைத் தொடுகிறான். அந்த இடம் வரும்போது அண்ணன் தலையை ஆட்டுவதைப் பார்க்க வேண்டும்.

கஞ்சிரா தம்பிக்கும் கிடார் தம்பிக்கும் நட்பு வந்தது ஏழில். கிடார் தம்பி கொண்டுவந்த இன்னொரு பாட்டு ஏழு எண்ணிக்கையில் ஓடியது. அவன் இரண்டு, இரண்டு, மூன்று என்று எண்ணினான். கஞ்சிரா தம்பி தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு, "டேய், இது விலோமம்டா!" என்று எழுந்தே விட்டான். மிஸ்ர சாபு என்கிற ஏழு எண்ணிக்கைத் தாளம் மூன்றும் நாலும், தகிட தகதிமி. அதைத் திருப்பிப் போட்டு நாலும் மூன்றுமாக, தகதிமி தகிட என்று எடுத்தால் விலோமம். அன்றைக்கு டீ ஆறிப் போகும்வரை இருவரும் ஒருவர் மாற்றி ஒருவர் இப்படித் தாளச் சொற்கட்டு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கஞ்சிராவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அதற்கு இன்றைய உருவத்தையும் கச்சேரியில் இடத்தையும் கொடுத்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. எங்களுக்குப் பக்கத்து ஊர் என்பதில் தம்பிக்குத் தனிப் பெருமை. பழைய கஞ்சிராவுக்கு உடும்புத்தோல். உடும்பு பாதுகாக்கப்பட்ட உயிர், தம்பி வைத்திருப்பது ஆட்டுத்தோல். தோலின் உள்பக்கம் இரண்டு விரலால் தண்ணீர் தொட்டுத் தடவுவான். ஈரம் இறங்க இறங்கத் தொனி தழைந்து, 'கும்' என்ற ஒலி வரும். அளவு மீறினால் தோல் செத்த ஒலி கொடுக்கும், காய்கிறவரைக்கும் காத்திருக்க வேண்டும். நாள் முழுக்க லேத்தில் இரும்பு பிடித்த கை அது. பட்டறையில் ஆர்டர் நெருக்கும் வாரங்களில் மணிக்கட்டு இறுகிப் போய் வருவான். அப்படிப்பட்ட நாளில் நாங்கள் வேகமான உருப்படியை எடுப்பதில்லை, விளம்பத்தில், அதாவது மெதுவான நடையில், ஒன்றை எடுத்து நிதானமாகப் போகிறோம். அக்கா நைட் டியூட்டி முடித்து வந்த ஞாயிறுகளும் அப்படியே. அன்று ஆலாபனையை அவர் தலையில் கட்டுவதில்லை. யார் எந்த வாரம் எப்படி இருக்கிறார்கள் என்பது, பாட்டைப் போட்டுவிட்டு எங்கே கேட்டேன் என்று சொல்கிற அந்த இரண்டு நிமிஷத்திலேயே தெரிந்துவிடுகிறது.

அண்ணன் கொண்டுவருவதெல்லாம் பழைய ரேடியோ ஞாபகங்கள். திருச்சி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கியது. மறு வருஷமே அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கிவைத்தது, அந்தத் தடை தளர 1971 ஆனது. கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை வளைத்து அசைப்பதற்கு, இடம் தராத வாத்தியம், அதன் ஸ்வர இடைவெளி நம் இசைக்கு ஒட்டாது என்பது அன்றைக்குச் சொன்ன காரணம். அந்தக் காரணத்தில் நியாயம் இருக்கிறது, சேர்ந்து வாசிக்கும்போது நானே கேட்கிறேன். அக்கா ஒரே மெட்டில் தந்தியை இழுத்து ஸ்வரங்களுக்கு நடுவே வழுக்கிப் போகிறார். நான் துளையை அரைகுறையாகத் திறந்து அதே இடத்தைத் தொடுகிறேன். ஆர்மோனியக் கட்டையில் அந்த இடமே இல்லை. ஆனால் அண்ணன் காற்றடிக்கிற பெல்லோஸைத் தளர்த்தி, பக்கத்துக் கட்டையை மின்னலாகத் தொட்டு விடுகிற அனுஸ்வரத்தைக் கேட்டவர்கள் அந்தப் பெட்டியை ஒதுக்கமாட்டார்கள். எங்கள் ஏற்பாடு இதுதான்: கமகம் கனக்கிற இடத்தில் அண்ணன் ஸ்வரத்தை நீட்டிப் பிடித்து நிற்பார், வளைவுகளை வீணையும் குழலும் பார்த்துக்கொள்ளும்.

இன்னும் சரிக்கட்டாத விஷயம் வீணையின் ஒலி. கஞ்சிரா எழுந்தால் வீணை கேட்பதில்லை. வாத்தியத்தின் மேலேயே ஒட்டுகிற காண்டாக்ட் மைக் வைத்துப் பார்த்தோம், மெட்டில் விரல் உராய்வதுதான் அதிகமாகக் கேட்டது, அக்காவுக்குப் பிடிக்கவில்லை. இப்போது உட்காரும் முறையை மாற்றியிருக்கிறோம். வீணைக் குடத்துக்கு ஒரு முழம் தள்ளி ரெக்கார்ட் செய்கிற போன், அதற்கு நேர் எதிர் மூலையில் கஞ்சிரா, நடுவில் ஆர்மோனியம். ரெக்கார்டிங்கில் நன்றாகவே வருகிறது. நேரில் கேட்கும்போது இன்னும் போதாது. வீணை முன்னே வரும் பகுதிகளில் கஞ்சிராவைத் தொனி மட்டும் கொடுத்து அடக்கி வாசிக்கச் சொல்லியிருக்கிறோம்.

மோகனத்துக்கு அடுத்துக் கல்யாணி ராகம் எடுத்தோம், அது பாதியில் நிற்கிறது. கிடார் தம்பிக்கு அதில் புதுசாகக் கிடைத்தது எஃப் ஷார்ப் மேஜர். அந்தக் கார்டுக்குள் கல்யாணிக்கு உரிய பிரதி மத்தியமம் (உயர்ந்த ம) இருப்பதால், ஈ-யிலிருந்து அங்கே போனாலே கல்யாணியின் முகம் தெரிந்துவிடுகிறது. ஒரே விரலால் எல்லாத் தந்தியையும் அழுத்துகிற பாரே பிடித்துப் பிடித்து ஆள்காட்டி விரலில் காய்ப்பு ஏறியிருக்கிறது அவனுக்கு.

இந்த மாதம் தொட்டிருப்பது கீரவாணி ராகம். மெட்டல் கேட்கிறவர்கள் ஹார்மோனிக் மைனர் என்று சொல்கிற ஸ்வர வரிசை அதேதான், அதனால் கிடார் தம்பிக்கு அது சொந்த வீடு. 3 கட்டையில் ஈ மைனர், ஏ மைனர், பி மேஜர் மூன்றுமே ராகத்துக்குள் அடங்குகின்றன, எதையும் கழிக்க வேண்டியதில்லை. ராகம் அக்கா எடுப்பதாகப் பேச்சு. அடுத்த வாரம் அவருக்குப் பகல் டியூட்டி என்பதால் சனிக்கிழமையே கூடுகிறோம். தாளம் மிஸ்ர சாபு, கடைசியில் கஞ்சிராவும் கிடாரும் மாற்றி மாற்றி ஒரு சின்னத் தனி ஆவர்த்தனம். அதில் விலோமத்தையும் கலப்பதா வேண்டாமா என்று இருவரும் இன்னும் பேசி முடிக்கவில்லை.