எடைமேடை கம்ப்யூட்டரும் இரண்டாம் செவ்வாயும்

2025 ஜூன் 11, புதன்கிழமை காலை. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா மாங்காய் லோடு இறங்கும் உச்ச நேரம். எடைமேடை கம்ப்யூட்டர் ராத்திரியே தானாக ரீஸ்டார்ட் ஆகியிருந்தது. இன்டிகேட்டரில் எடை ஓடுகிறது, சாப்ட்வேரில் பூஜ்யம். வாசலில் லாரிகள் வரிசை. அதே நாள்தான் மாதாந்திர விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்குக் கடைசித் தேதி. அக்கவுண்ட்ஸ் மெஷினோ அப்டேட் பாதியில் 30 சதவீதத்தில் நிற்கிறது.

இது வெறும் கெட்ட நேரம் இல்லை. மைக்ரோசாப்ட் விண்டோஸின் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை இரண்டாம் செவ்வாய் வெளியிடும். கோடையில் நம்ம கணக்கில் அன்று ராத்திரி 10.30. இரண்டாம் செவ்வாய் எப்போதும் 8-க்கும் 14-க்கும் நடுவில்தான் விழும். ஜிஎஸ்டிஆர்-1 கெடு 11. மோதாமல் என்ன செய்யும்?

முதலில் எடைமேடை. இன்டிகேட்டரிலிருந்து வரும் சீரியல் கேபிள், பிஎல்2303 சிப் உள்ள யுஎஸ்பி கன்வர்ட்டர் வழியாக ஏறுகிறது. அப்டேட்டோடு அதற்குப் புது டிரைவரும் (அந்தச் சிப்பை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) வந்துவிட்டது. புது டிரைவர் பழைய சிப்பையும் போலிச் சிப்பையும் ஏற்காது. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், 'பிஎல்2303எச்எக்ஸ்ஏ 2012 முதல் கைவிடப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பையன் இதைப் படிக்காமலே "கன்வர்ட்டர் போச்சு சார்" என்றான். ஓசூர் வரை போய் புதுசு வாங்கி வந்தால் அதிலும் அதே ரகச் சிப். அரை நாள் வீண். வாங்கத்தான் வேண்டும் என்றால் எஃப்டிடிஐ சிப் என்று கேட்டு வாங்குங்கள்.

உண்மையில் வேலை ஐந்து நிமிடம். அந்தப் போர்ட்டின் மேல் ரைட் கிளிக், அப்டேட் டிரைவர், 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்', அதற்குள் 'லெட் மீ பிக்'. பட்டியலில் பழைய பதிப்பு இருக்கும், 3.3.11.152 வந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கன்வர்ட்டரை வேறு துளையில் செருகினால் காம் எண் (விண்டோஸ் அந்தப் போர்ட்டுக்குத் தரும் எண்) மாறிவிடும் என்பதையும் கவனியுங்கள். சாப்ட்வேர் காம்3-ஐத் தேடும், போர்ட் காம்7-இல் இருக்கும். போர்ட் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு போய் எண்ணை மாற்றலாம்.

"அப்டேட் சர்வீஸையே டிஸேபிள் பண்ணிடலாம் சார், தொல்லை விட்டுது" என்றான் பையன். விடாது. விண்டோஸே அதைப் பழுது என்று நினைத்துத் திரும்ப ஆன் செய்துகொள்ளும். அப்போது விட்டுப்போனதெல்லாம் மொத்தமாக வந்து இறங்கும், அதுவும் நமக்கு ஆகாத நாளில்.

நிறுத்துவதைவிடத் தேதியைத் தள்ளுவதுதான் வழி. புரோ பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டரைத் திறந்து, விண்டோஸ் அப்டேட் பகுதியில் குவாலிட்டி அப்டேட்டை (அதாவது இந்த மாதாந்திர அப்டேட்டை) எத்தனை நாள் தள்ளலாம் என்று கொடுக்கலாம், உச்சம் 30. ஏழு நாள் என்று போட்டுவிடாதீர்கள், 15-இலிருந்து 21-க்குள் வந்து வரி கட்டும் மாதக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி-யின் 20-ம் தேதியில் முட்டும். 14 போட்டால் 22-க்கும் 28-க்கும் நடுவே வரும். இரண்டு வாரம் பாதுகாப்பு ஓட்டை அடைபடாமல் கிடக்கும் என்பது உண்மை. அதனால் 14 அக்கவுண்ட்ஸ் மெஷினுக்கு மட்டும், மற்றவற்றுக்கு 3. 'டூ நாட் இன்க்ளூட் டிரைவர்ஸ்' பாலிசியை மட்டும் எல்லா மெஷினிலும் எனேபிள் செய்துவிடுங்கள். இது முன்பே இருந்திருந்தால் ஓசூர் பயணமே இல்லை.

தானாக ரீஸ்டார்ட் ஆகக்கூடாத நேரத்தைக் குறிக்கும் ஆக்டிவ் ஹவர்ஸ் எடைமேடைக்கு உதவாது. அதன் உச்சம் 18 மணி நேரம்; சீசனில் மேடை 24 மணி நேரமும் ஓடும். அதில் ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ் பாலிசியை 2-ம் தேர்வில் வைத்தோம்: கேட்காமல் டவுன்லோட் ஆகாது. லோடு குறைந்த காலையில் கையால் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஹோம் பதிப்பு மெஷின்களில் பாலிசி எடிட்டரே கிடையாது. அப்டேட்டைத் தற்காலிகமாக நிறுத்தும் பாஸ் (pause) மட்டும்தான், ஐந்து வாரம் வரை. அது முடிந்ததும் அப்டேட் ஏற்றினால்தான் மறுபடி பாஸ் செய்யவிடும். புது மெஷின் வாங்கும்போதே புரோவா என்று பில்லில் பாருங்கள்.

அந்த 30 சதவீதத்துக்குக் காரணம் வேறு. எல்லா மெஷினும் ஒரே லைனில் தனித்தனியாக இறக்கிக்கொண்டிருந்தன. டெலிவரி ஆப்டிமைசேஷனில் லோக்கல் நெட்வொர்க் என்று வைத்தால் ஒன்று இறக்கியதை மற்றவை வாங்கிக்கொள்ளும். அதோடு, வாட்ச்மேன் ராத்திரி மெயினை இறக்கியதில் அந்த மெஷின் நடுவில் அணைந்திருக்கிறது. காலையில் மறுபடி முதலிலிருந்து. இன்ஸ்டால் நேரத்தை மதியம் 1 மணிக்கு மாற்றி, ஆள் லாகின் இருந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகாதபடி வைத்தாயிற்று. ஆனால் அப்புறம் யாராவது ரீஸ்டார்ட் கொடுத்தே ஆக வேண்டும். சாயங்காலம் ஷட்டவுன் செய்துவிட்டுப் போவதை நம்பாதீர்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆனில் இருந்தால் அது முழு ஷட்டவுன் இல்லை, அப்டேட் அரைகுறையாக நிற்கலாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள்.

ஜூலையில் இரண்டாம் செவ்வாய் 8. அக்கவுண்ட்ஸ் மெஷின் 22-ம் தேதிதான் அப்டேட் கேட்டது. 3பி அதற்கு முன்பே போய்விட்டது.