கணக்குக்கு யார் வருவார்?

ஆசிரியர் கலந்தாய்வு (யாருக்கு எந்தப் பள்ளிக்கு மாறுதல் என்று முடிவு செய்வது), பணி நிரவல் (ஆள் கூடுதலாக உள்ள பள்ளியிலிருந்து குறைவாக உள்ள பள்ளிக்கு ஆசிரியரை மாற்றுவது) என்று செய்தி வந்தால் அது ஆசிரியர்கள் சமாச்சாரம் என்று கடந்துவிடுகிறோம். கல்வராயன் மலையில் படிக்கும் பிள்ளைக்கு அடுத்த வருடம் கணக்கு நடத்த ஆள் வருவாரா என்பது அங்கேதான் முடிவாகிறது.

ஒரு பள்ளியில் ஆசிரியர் காலியிடம் மொத்தப் பணியிடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். அதோடு அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழி மூன்றுக்கும் தனித்தனி ஆள் வேண்டும். வெறும் தலைக்கணக்கு பார்த்தால் விகிதம் சரியாக இருக்கும், கணக்கு டீச்சர் மட்டும் இருக்க மாட்டார்.

இதைக் கேட்க வேண்டிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஆனால் கூலி வேலைக்குப் போகிறவர்களைப் பகல் 11 மணிக்குக் கூட்டத்துக்கு அழைத்தால் யார் வருவார்கள்? சாயங்காலம் வையுங்கள். எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை, எப்போதிலிருந்து இல்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சுற்றறிக்கையைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது கலந்துபேசுவது ஆகாது.

அப்புறம், மலைக்கு வர மறுக்கும் ஆசிரியரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பேருந்து நேரம், பெண் ஆசிரியர் பயமில்லாமல் தங்க ஒரு வீடு, இதையெல்லாம் அவர்களிடமே கேட்க வேண்டும். ஊர் செய்து தரக்கூடியதும் இதில் இருக்கிறது.

குழுவில் இருக்கும் நண்பர்களே, அடுத்த கூட்டத்தில் காலியிடத்தைப் பாடவாரியாகத் தீர்மானத்தில் எழுத வையுங்கள். குழு தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்திலும் அது இடம்பெறட்டும்.