மூன்று கிழமை டொக்கிங்கைத் தின்ற இரட்டைப் பிணைப்பு

டொக்கிங் என்பது மருந்து மூலக்கூறு புரதத்தின் பைக்குள் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் பார்ப்பது. ஈரல் புற்றுநோய் மருந்துகள் குறிவைக்கும் நொதியான எஃப்ஜிஎஃப்ஆர்4 கைனேசுக்கு எல்லோரும் எடுக்கிற, புரதத் தரவுவங்கியில் உள்ள 4எக்ஸ்சியு கட்டமைப்பைத்தான் நாங்களும் எடுத்தோம். அதில் பிஎல்யு9931 மருந்து புரதத்தின் 552ஆவது அமினோ அமிலமான சிஸ்டீனின் (சிஸ்டீன் 552) கந்தகத்தோடு ஏற்கெனவே ஒட்டிவிட்டது, அதனால் மருந்தின் கொழுவும் முனையான அக்ரிலமைட்டின் இரட்டைப் பிணைப்பு அங்கே இல்லை. அப்படியே பிரித்தெடுத்து ஐதரசன் சேர்த்தால் மென்பொருள் ஒரு எச்சரிக்கையும் தராமல் அதை இரட்டைப் பிணைப்பில்லாத, கொழுவ முடியாத புரோபனமைட் ஆக்கிவிடும். மூன்று கிழமை ஓடியதெல்லாம் அந்தப் பிழையான மூலக்கூற்றோடுதான். பிணைப்பைத் திரும்ப வரைந்து, அதே மருந்தைத் திரும்ப டொக் செய்தால் கட்டமைப்பில் இருந்த இடத்திலிருந்து 2 ஆங்ஸ்ட்ரொமுக்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புது மூலக்கூறுகளைத் தொடுங்கோ.

ஸ்கோரை நம்பாதேங்கோ. வழமையான வீனா டொக்கிங் மென்பொருள், மருந்து கந்தகத்தோடு போடும் பங்கீட்டுப் பிணைப்பைக் கணக்கெடுக்காது. மூலக்கூறு பெருத்தாலே இலக்கம் நல்லதாகிவிடும். கந்தகத்துக்கும் அக்ரிலமைட்டின் நுனிக் காபனுக்கும் இடையே உள்ள தூரத்தை அளவுங்கோ. 4 ஆங்ஸ்ட்ரொமைத் தாண்டினதை நாங்கள் கழித்துவிட்டோம். உறவுப் புரதங்களான எஃப்ஜிஎஃப்ஆர்1, 2, 3இல் அதே இடத்தில் டைரோசின் இருப்பதால், எஃப்ஜிஎஃப்ஆர்4ஐ மட்டும் பிடிக்கும் தெரிவுத்திறனை இந்தக் கொழுவல்தான் தருகிறது.

மருந்தெதிர்ப்பும் அங்கேயேதான் வருகிறது. இதே சிஸ்டீனில் கொழுவும் ஃபிசோகாட்டினிப் மருந்தை எடுத்த நோயாளர் சிலரில் சிஸ்டீன் 552 மாறியது, கொழுவ இடமில்லை. வேறு சிலரில் பையின் வாசலில் இருக்கும் வாயிற்காவல் அமினோ அமிலமான வலின் 550 மாறியது, பை ஒடுங்கிவிடும். வலினை லியூசினாக மாற்றும்போது மென்பொருள் முதலில் காட்டும் பக்கச்சங்கிலி நிலையோடு நிற்காதேங்கோ. ஒரு நிலையில் பை திறந்து எல்லா மூலக்கூறும் பொருந்தும், அடுத்த நிலையில் ஒன்றும் பொருந்தாது. எல்லா நிலைகளையும் டொக் செய்யவேணும். எல்வை2874455 என்ற மருந்து வாயிற்காவல் மாற்றத்தையும் தாங்கும், ஆனால் பங்கீட்டுப் பிணைப்பு இல்லாத மருந்து; எஃப்ஜிஎஃப்ஆர்1ஐயும் அடைக்கும். அது அடைபட்டால் இரத்தத்தில் பொசுபேற்று ஏறும். எனக்கு இதிலேதான் உண்மையான வடிவமைப்புச் சிக்கல் தெரிகிறது.

மூலக்கூறுகளின் அசைவைக் கணினியில் பார்க்கும் குரோமக்ஸ் மென்பொருளின் ஓட்டம் சுகமாகப் போனது. கரண்ட் போனால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்கும் செக்பொயின்ற்றிலிருந்து தொடரலாம், பழைய வெளியீட்டுக் கோப்புகளில் மட்டும் கை வைக்காதேங்கோ.

ஆய்வுகூடச் சோதனைக்கு நொதியை வெளிநாட்டிலிருந்து உலர்பனியில் எடுப்பித்தபோது நொந்துபோனோம். பொருளை யார் பாவிக்கப்போகிறார் என்று சொல்லும் இறுதிப் பாவனையாளர் கடிதத்தில் பொருளின் பெயர் விலைப்பட்டியலில் உள்ளபடி இல்லை என்று லிகிதர் ஒருவர் திருப்பிவிட்டார். கடிதத்தைத் திருத்திக்கொண்டு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்ச் சேர, பெட்டியில் பனி இல்லை, நொதியும் செத்துவிட்டது. பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து, கடிதம் கைக்கு வந்த பிறகே அனுப்பச் சொல்லுங்கோ.

ஒப்பீட்டுக்கு வைத்த ஈரல் புற்றுநோய் மருந்தான சொராஃபெனிப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. போத்தலில் வருவது பெரும்பாலும் டொசிலேற்று உப்பு. அந்த உப்பின் மூலக்கூற்று நிறை 637, தனி மருந்துக்கு 464.8. 1 மில்லிலீற்றரில் 10 மில்லிமோலார் கரைசலுக்கு 6.37 மில்லிகிராம் நிறுக்கவேணும். 4.65 நிறுத்தால் 7.3 மில்லிமோலார்தான் கிடைக்கும், அதற்குப் பிறகு வரும் ஐசி50 (பாதித் தடுப்புக்குத் தேவையான செறிவு) எல்லாம் பிழை. மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ எங்கள் ஊர் ஈரக்காற்றில் தண்ணீரை இழுக்கும். சிறு குழாய்களில் பிரித்து, மூடி இறுக்கி, குளிரில் வையுங்கோ.