இரைச்சலை விலை கொடுத்து வாங்கினேன்

பாட்டு தொடங்குமுன் தம்பூரா மட்டும் ஒலிக்கும் அந்தச் சில நொடிகளுக்காகத்தான் கையடக்க ஆம்ப்ளிஃபயரே வாங்கினேன். இயர்போனைச் செருகியதும் தம்பூராவை முந்திக்கொண்டு வந்தது, தூரத்தில் யாரோ குழாயைத் திறந்துவிட்டது போன்ற 'உஸ்ஸ்'. ஒலியளவைக் குறைத்தேன், பாட்டு அடங்கியது, உஸ் அடங்கவில்லை.

பிழை என்னுடையதுதான். என் இயர்போனின் மின்தடை 16 ஓம்தான், கைப்பேசிக்கே துள்ளுகிற ஜாதி. 300 ஓம் ஹெட்போனை இழுக்கிற பெட்டியை அதன் தலையில் கட்டலாமா? பெட்டியின் வெளியீட்டு மின்தடை, அதாவது வெளியே போகும் மின்னோட்டத்துக்குப் பெட்டியே போடும் தடை, வேறு 10 ஓம். இயர்போனுடையதில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 2 ஓமுக்குள் இருக்கவேண்டும் என்பது பழகிய கணக்கு. மீறியதில் மிருதங்கத்தின் தொப்பி, அந்தக் கனத்த நாதம் தரும் பக்கம், மெலிந்துபோனது.

எவ்வளவு பெருக்குவது என்பதை மாற்றும் கெயின் ஸ்விட்சைக் கீழே தள்ளியதும் உஸ் பாதியானது. தொப்பி திரும்பவில்லை. இப்போது வெளியீட்டு மின்தடை 1 ஓமுக்கும் குறைவான, கைப்பேசியில் செருகும் விரல் நீள டாங்கிளில் கேட்கிறேன். பெட்டி அப்பாவின் பெரிய ஹெட்போனுக்குப் போய்விட்டது.