வேலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை

கடந்த ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை என் அக்கா மகன், புதிதாகத் தைத்த சட்டையும் கையில் பணி நியமனக் கடிதமுமாக, பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தின் வாசலில் போய் நின்றான். வாசல் காவலர் கடிதத்தை வாங்கி ஒரு முறை பார்த்துவிட்டு, அவனைச் சற்று ஓரமாக அழைத்துச் சென்று, "தம்பி, இது எங்க கம்பெனி லெட்டர் இல்லப்பா. எவ்வளவு குடுத்த?" என்று தமிழிலேயே கேட்டிருக்கிறார். பணம் கொடுத்தாயா என்று அவர் கேட்கவில்லை. எவ்வளவு என்றுதான் கேட்டார். இப்படிக் கடிதத்தோடு வந்து நின்ற பிள்ளைகள் பலரை அவர் பார்த்திருக்க வேண்டும்.

அவன் கொடுத்தது 87,500 ரூபாய். பதிவுக் கட்டணமாக 2,500, திருப்பித் தரப்படும் வைப்புத்தொகையாக 25,000, நியமனக் கடிதம் கைக்கு வந்த அன்று 60,000. கடைசித் தொகைக்காகத் திருவண்ணாமலையில் என் அக்கா வளையலை அடகு வைத்திருந்தாள். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு ஒன்பது நாட்கள், மாரத்தஹள்ளியில் ஒரு பி.ஜி. விடுதி அறையில், வேலைக்குப் போய் வருவதாக வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டு அவன் தனியாக இருந்திருக்கிறான். அதே ஊரில் அல்சூரில் இருக்கும் தாய்மாமனாகிய என்னிடம்கூட அவனால் சொல்ல முடியவில்லை என்பதுதான், பணம் போனதைவிட, என்னை இன்றும் வருத்துகிறது.

பி.டி.எம். லேஅவுட்டில் ஒரு பயிற்சி மையத்தில் அவன் சாப்ட்வேர் டெஸ்டிங், அதாவது மென்பொருளில் பிழை தேடும் வேலை, படித்துக்கொண்டிருந்தபோது, வேலை வாங்கித் தருவதாக அந்த அழைப்பு வந்தது. பேசியவர் தமிழர்; வேலூர்ப் பக்கம் என்று சொல்லிக்கொண்டார்; ஊரைப் பற்றி, கல்லூரியைப் பற்றி அன்பாக விசாரித்தார். நிறுவனத்துக்குள் தனக்கு ஆள் இருப்பதாகவும், 'பேக்டோர்' வழியாக, அதாவது வழக்கமான தேர்வைத் தாண்டிய பின்வாசல் வழியாக, சில இடங்கள் மட்டும் இருப்பதாகவும் சொன்னார். கன்னடமும் இந்தியும் காதில் விழுந்துகொண்டே இருக்கும் ஊரில், ஆறு மாதமாக வேலை தேடிக் களைத்த பிள்ளைக்கு, 'நம்ம ஊர்க்காரர்' என்ற ஒன்றே பெரிய ஆறுதலாக இருந்திருக்கிறது.

அவன் வைத்திருந்த தாள்களையும் கைபேசிச் செய்திகளையும் ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து படித்தேன். மென்பொருள் துறையில் 18 ஆண்டுகளாக இருக்கிறேன். அதில் பாதிக் காலம் நேர்காணல் எடுப்பவர்களில் ஒருவனாக இருந்திருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் போலி என்று வழக்கமாகச் சொல்வார்கள். இந்தக் கடிதத்தில் பிழையே இல்லை. நிறுவனத்தின் முத்திரை, முகவரி, 21 எழுத்துகளும் எண்களும் கொண்ட பதிவு அடையாள எண் எல்லாம் சரியாக இருந்தன. அந்த எண்ணை நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால், அது பொருந்துகிறது என்பது அந்த நிறுவனம் இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. கடிதத்தை அனுப்பியவர் யார் என்பதற்கு அது சான்றாகாது.

பிடி கொடுத்தவை வேறு இரண்டு. மின்னஞ்சல் முகவரியில் நிறுவனத்தின் பெயரை அடுத்து ஒரு சிறு கோடும் 'கேரியர்ஸ்' என்ற சொல்லும் இருந்தன. இத்தகைய டொமைனை, அதாவது இணைய முகவரிப் பெயரை, சில நூறு ரூபாய்க்கு யாரும் வாங்கிவிடலாம். நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள டொமைனோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். அடுத்தது, யு.பி.ஐ.யில் பணம் அனுப்பும்போது வங்கியில் பதிவான பெயர் திரையில் வருமே, அது. மூன்று முறையும் மூன்று தனிமனிதர்களின் பெயர்கள் வந்திருக்கின்றன. கேட்டதற்கு, 'அவர்கள் எங்கள் ஃபைனான்ஸ் டீம்' என்று பதில் வந்திருக்கிறது.

இவற்றையெல்லாம்விட என்னை நிறுத்தியது அவர்கள் நடத்திய 'நேர்காணல்'. டெலிகிராமில் எழுத்து வடிவில் மட்டும், 14 நிமிடங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கேட்டார்கள், ஆதார், பான் அட்டைகளின் படங்களைக் கேட்டார்கள், வைப்புத்தொகையை எப்போது கட்ட முடியும் என்று கேட்டார்கள். டெஸ்டிங் படித்த பையனிடம் டெஸ்டிங் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. ஓர் ஆளுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கப்போகும் எவரும் அவருக்கு என்ன தெரியும் என்று பார்க்காமல் எடுப்பதில்லை. தவறான ஆளை எடுத்துவிட்டால் குழுவில் மற்றவர்கள் எவ்வளவு சுமக்க வேண்டியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் சுற்றுச் சுற்றாகக் கேட்கிறோம். கடிதத்தையும் முத்திரையையும் நகலெடுக்க முடிந்த அவர்களுக்கு, இந்த அக்கறையை நகலெடுக்கத் தோன்றவில்லை.

கன்சல்டன்சி, அதாவது நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தரும் இடைநிலை அமைப்பு, என்றால் பணம் கேட்பது இயல்புதானே என்று அக்கா கேட்டாள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். முறையான கன்சல்டன்சிக்கு ஆளைத் தேடச் சொன்ன நிறுவனம்தான் கட்டணம் தருகிறது. தேர்வானவரின் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது இந்தத் தொழிலில் வெகுகாலமாகப் புழங்கும் கணக்கு. டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ போன்ற நிறுவனங்கள், வேலைக்காக நாங்கள் யாரிடமும் பணம் வாங்குவதில்லை என்று தங்கள் இணையதளங்களிலேயே எழுதி வைத்திருக்கின்றன. 'பேக்டோர்' வழியாக உண்மையிலேயே உள்ளே நுழைந்தவர்களின் கதையும் நல்லதல்ல. பெரும்பாலும் அது போலி அனுபவச் சான்றிதழோடு நுழைவதுதான். வருங்கால வைப்பு நிதியில் ஒவ்வொரு ஊழியருக்கும் தரப்படும் யு.ஏ.என். எண்ணில் எங்கே எத்தனை மாதம் வேலை செய்தோம் என்பது பதிவாகியிருப்பதால், பின்னணிச் சரிபார்ப்பில் பொய் வெளிப்பட்டு, பணம் கொடுத்து ஏமாந்த பிள்ளையே குற்றவாளியாக நிற்க நேர்கிறது.

அவன் என்னிடம் சொன்ன அன்றே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணை அழைத்தோம். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்தோம். ஒவ்வொரு பரிமாற்றத்தின் எண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் இன்னும் இருந்தால் வங்கி அதை நிறுத்தி வைக்கும். ஆனால் இவர்கள் பணத்தை மணிக்கணக்கில்கூட ஓரிடத்தில் விட்டுவைப்பதில்லை. நாங்கள் அழைத்தபோது 6,300 ரூபாய்தான் மிஞ்சியிருந்தது. அவன் வாயை மூடிக்கொண்டிருந்த ஒன்பது நாட்களின் விலை அது. படித்தவன் ஏமாந்துவிட்டானே என்று ஊர் பேசுமோ என்ற அச்சத்தைப் பிள்ளைகளின் மனத்தில் வைத்தது நாம்தான் என்பதால், இதில் அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காவல் நிலையத்தில் இன்னொன்றும் சொன்னார்கள். பணம் போன கணக்குகளில் ஒன்று வேறொரு மாணவனுடையதாம். வீட்டிலிருந்தே 'பேமென்ட் பிராசசிங்' வேலை, கணக்கும் ஏ.டி.எம். அட்டையும் கொடுத்தால் போதும் என்று அவனுக்கும் ஒரு வேலை வாங்கித் தந்திருக்கிறார்கள். அவன் இப்போது வழக்கில் சிக்கியிருக்கிறான். இரண்டு பிள்ளைகளும் ஒரே வலையில் வேறு வேறு மூலைகளில் மாட்டியவர்கள். ஆதார் படத்தைக் கொடுத்துவிட்டதால், எங்கள் பிள்ளையின் பெயரில் யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்று தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்த்துக்கொண்டோம், நல்லவேளை, இல்லை.

வெளிநாட்டு வேலை என்றால் இழப்பு பணத்தோடு நிற்காது. தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று அழைத்துப்போய், மியான்மரில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைப்பது குறித்து வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும்; வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த உரிமத்தைச் சரிபார்க்கலாம். சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்பதே உச்சவரம்பு, அதற்கும் ரசீது தர வேண்டும். சுற்றுலா விசாவில் போய்ச் சேர்ந்துவிடு, மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று எவர் சொன்னாலும் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட வேண்டும்.

ஏழு மாதங்களுக்குப் பிறகு, பீன்யா பக்கம் ஒரு சிறிய நிறுவனத்தில் மூன்றாம் சுற்று முடித்துவிட்டு அவன் என்னை அழைத்தான். "மாமா, ஒன்றரை மணி நேரம் கேட்டாங்க. ரெண்டு கேள்விக்குப் பதில் தெரியலை" என்றான், தளர்ந்த குரலில். பணம் ஏதாவது கேட்டார்களா என்றேன். இல்லை என்றான். வேறு என்ன கேட்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி, அவன் பேருந்து ஏறும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.