ஐஸில் வைக்க மறந்த குழாய்

புற்றுநோய் ஆய்வகத்தில் சேர்ந்த மூன்றாவது மாதம், டிஎன்ஏ சேதத்தை அளக்கும் 'காமெட் அஸே' கற்றுக்கொடுத்தார்கள். செல்களை அகரோஸ் கூழில் கலந்து ஸ்லைடில் பரப்பி, சவ்வைக் கரைத்து, மின்சாரம் பாய்ச்ச வேண்டும். முழுசாக இருக்கும் டிஎன்ஏ உருண்டையாக அப்படியே கிடக்கும். உடைந்த துண்டுகள் நேர்மின் முனைப் பக்கம் ஓடும். சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், தலையும் வாலுமாக அசல் வால் நட்சத்திரம். வால் நீளமாக இருந்தால் சேதம் அதிகம்.

அன்று டிஎன்ஏவை உடைக்கச் செல்களுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்து, புது மீடியத்துக்கு மாற்றி, குழாயை இன்குபேட்டரில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்ப ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. (டீ பத்து நிமிடம்தான், மீதி கிரிக்கெட்.) பிறகு ஸ்லைடைப் பார்த்தால் வாலே இல்லை. பெராக்சைடு பழசாகிப்போச்சு என்று பாட்டிலைத் திட்டிக்கொண்டிருந்தேன். சீனியர் அக்கா கேட்டார்: "ஐஸ்ல வச்சியா?"

"இல்லக்கா."

"அப்புறம் என்ன? நீ டீ குடிச்ச நேரத்துல செல் ரிப்பேரை முடிச்சிருக்கும்."

மறுநாள் கால் மணிக்கு ஒரு தடவை செல்களை எடுத்து, ஐஸில் வைத்து ரிப்பேரை நிறுத்திப் பார்த்தேன். வால் கண்ணெதிரே குட்டையாகிக்கொண்டே வந்தது. அவை புற்றுநோய் செல்கள் என்பதுதான் உறுத்தியது. டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் நொதிகள் நம் காவலாளிகள் என்றுதானே படித்திருந்தேன். 2015 வேதியியல் நோபலே அந்த வேலைக்குத்தான். படித்தது பொய்யில்லை. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 புரதங்கள் கெட்டால் இரட்டை இழை முறிவுகள் சரியாகத் தைக்கப்படாமல் பிழைகள் சேரும்; மார்பகத்திலும் சூலகத்திலும் புற்றுநோய் வரும் ஆபத்து கூடும். சரியாகாத முறிவுகளால் குரோமோசோம் துண்டுகள் தனியே பிரிந்து குட்டி உட்கருக்களாகும். அவை வெடித்தால், வைரஸ் புகுந்துவிட்டது என்று செல் அபாய மணி அடிக்கும். அந்த மணியையே சில மார்பகப் புற்றுநோய் செல்கள் பரவுவதற்குப் பயன்படுத்திக்கொள்கின்றன என்று 2018இல் காட்டினார்கள்.

ஆனால் நோய் வந்தபின், மிச்சமிருக்கும் நொதிகள் நோய்க்கே ஊழியம் செய்கின்றன. கதிர்வீச்சும் பல கீமோ மருந்துகளும் டிஎன்ஏவை உடைக்க, அவை ஒட்டவைக்கின்றன. பிஆர்சிஏ இழந்த செல் பார்ப் என்ற நொதியை நம்பித்தான் பிழைக்கிறது. அதையும் முடக்கினால் செத்துவிடும் என்று 2005இல் இரண்டு குழுக்கள் காட்டின. 2014 கடைசியில் பார்ப்பை முடக்கும் ஒலாபரிப் மருந்து சூலகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

நாங்களும் பிஆர்சிஏ1 கெட்ட செல்களுக்கு ஒலாபரிப் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்து, பிழைத்த செல் கூட்டங்களை ஊதாவாகக் காட்டும் கிரிஸ்டல் வயலெட் சாயத்தை ஊற்றியபோது தட்டுகள் காலி. ஒரே ஒரு தட்டில் மட்டும் மூன்று ஊதாப் புள்ளிகள். கழுவும்போது ஒட்டிய அழுக்கு என்றுதான் நினைத்தேன். அக்கா லென்ஸில் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. கெட்டுப்போன பிஆர்சிஏ மரபணுவில் இன்னொரு மாற்றம் விழுந்து, அது மறுபடி வேலை செய்யத் தொடங்குவது நோயாளிகளிடமும் நடப்பதுதான்.

சாயம் போடாத ஜோடித் தட்டில் இரண்டு காலனிகள் தேறின. தனியாக எடுத்து வளர்க்கச் சொன்னார். பிளாஸ்க்கில் ஏதாவது பெயர் எழுத வேண்டுமே. 'மெக்கானிக் 1', 'மெக்கானிக் 2' என்று எழுதி உள்ளே வைத்தேன்.