அரை ஆள் தள்ளி இடிக்கணும்

சேலத்தில் எங்கள் கம்ப்யூட்டர் கடையில் ஒரு இரும்பு அலமாரி இருக்கிறது. ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, வாங்கிப் போக ஆள் வராத சாமான்களுக்கு அதுதான் இடம். மூன்று யூபிஎஸ், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், கணக்கில்லாத சார்ஜர்கள். 2012-இல் அதில் ஒரு பிஎஸ்பி, கையில் வைத்து கேம் ஆடுகிற மெஷின், வந்து சேர்ந்தது. கொடுத்த பையன் இன்ஜினியரிங் படிப்பவன். சார்ஜ் நிற்கவில்லை என்றான். திறந்தால் பேட்டரி பலாக்கொட்டை மாதிரி உப்பியிருந்தது. மாற்றி வைத்துவிட்டுப் போன் செய்தேன். நம்பர் உபயோகத்தில் இல்லை. ஒரு வருஷம் பார்த்தேன். அப்புறம் ஒரு மழை நாளில், ஐந்து ரோட்டில் தண்ணீர் தேங்கி ஈ காக்கை கடைக்கு வராத மதியம், அதை எடுத்து ஆன் செய்தேன். உள்ளே ஒரே ஒரு தட்டு. ட்ரெயில்ஸ் இன் த ஸ்கை.

எனக்கு அப்போது வயது 33. கேம் விளையாடுகிற வயது தாண்டிவிட்டதாக வீட்டில் ஒரு கருத்து இருந்தது.

அந்த விளையாட்டில் எஸ்டெல், ஜோஷுவா என்று இரண்டு பேர். அவர்களுக்கு வேலை ஊர் ஊராகப் போய் மக்கள் கேட்கிற உதவியைச் செய்வது. தெரு விளக்கைச் சரி செய்வது, காணாமல் போன பூனையைத் தேடுவது மாதிரி வேலைகள்தான் முதல் சில மணி நேரம். சண்டையும் உண்டு, ஆனால் என்னைப் பிடித்து வைத்தது அதில்லை. ஊர்க்காரர்கள் பேச்சு. மற்ற கேம்களில் கிணற்றடியில் நிற்கிற கிழவர் முதல் நாள் சொன்னதையே கடைசி நாளும் சொல்வார். இதில் கதை ஒரு அடி நகர்ந்தால் ஊரே வேறு பேசுகிறது. நேற்று புருஷனோடு சண்டை போட்டவள் இன்று சமாதானமாகியிருக்கிறாள். ஒரு ஊரில் பார்த்த ஆள் பத்து மணி நேரம் கழித்து இன்னொரு ஊரில் எதிரே வருகிறான். எங்கள் அம்மாபேட்டைத் தெருவில் ஆடி மாசத்துக்கு முன்னால் ஒரு பேச்சு, கோட்டை மாரியம்மன் திருவிழா முடிந்ததும் ஒரு பேச்சு என்று மாறுமே, அப்படி. நான் ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் ஊர் முழுக்கச் சுற்றி எல்லாரிடமும் பேசினேன். முடிக்க நாலு மாசம் ஆனது.

முடிவில் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். என்ன ஆனது என்று சொல்ல மாட்டேன். ஜப்பானில் அடுத்த பாகம் 2006-லேயே வந்துவிட்டது. ஆங்கிலத்தில் வந்தது 2015 அக்டோபரில். இத்தனை பேர் இத்தனை பேச்சுப் பேசினால் மொழிபெயர்க்கிறவன் என்ன செய்வான், பாவம். ஆனால் அந்தக் காத்திருப்பில்தான், இதைச் செய்தவன் யாரப்பா என்று தேடப் போனேன்.

நிஹான் ஃபால்காம். 1981 மார்ச்சில் மசாயுகி காதோ என்பவர் தொடங்கியது. தொடங்கும்போது கேம் கம்பெனியே இல்லை. ஆப்பிள் கம்ப்யூட்டர் விற்கிற கடை!

இதைப் படித்தபோது நான் கடையில், கழற்றிப் போட்ட கேபினட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். கடை இருந்த ஊர் தச்சிகாவா. டோக்கியோவுக்கு மேற்கே, பல ரயில் பாதைகள் சேர்கிற ஜங்ஷன் ஊர். சேலம் ஜங்ஷன் இருக்கிற சூரமங்கலத்துக்காரன் கேட்டால் உடனே புரிந்துகொள்வான். ஃபால்காம் என்கிற பெயர்கூட ஸ்டார் வார்ஸில் வருகிற மில்லேனியம் ஃபால்கன் விண்கலத்திலிருந்து எடுத்து, கடைசி எழுத்தை மட்டும் கம்ப்யூட்டரின் 'காம்' வருகிற மாதிரி மாற்றியது. நாங்கள் கடைக்கு என் பாட்டி பெயர் வைத்தோம்.

அந்தக் கடைக்கு வேலை வெட்டி இல்லாத பையன்கள் வருவார்கள். வாங்க வசதி இருக்காது. வந்து உட்கார்ந்து மெஷினைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். காதோ அவர்களை விரட்டவில்லை. எழுதிய புரோகிராமை விற்கலாம் என்றார். அப்படி வந்து போனவர்களில் ஒருவர் யோஷியோ கியா. அவர் எழுதிய டிராகன் ஸ்லேயர் 1984-இல் வந்தது. அடுத்த வருஷம் சனாடு. ஜப்பானில் மட்டும் 4 லட்சத்துக்கு மேல் விற்றது. அதுவும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கான பிளாப்பி கேம், 1985-இல்.

சனாடுவில் ஒரு கணக்கு இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. பெயரே கர்மாதான். நிலவறையில் எதிரே வருகிறதையெல்லாம் வெட்டிக்கொண்டே போகலாம், ஆனால் அதில் சில நல்ல பிராணிகளும் உண்டு. அதைக் கொன்றால் கர்மா ஏறும். கர்மா ஏறினால் கோயிலில் உன்னை அடுத்த நிலைக்கு ஏற்ற மாட்டார்கள். கறுப்பு மருந்து ஒன்றைக் குடித்து உயிரில் ஒரு பகுதியை விட்டால்தான் கர்மா குறையும். கத்திக்கும் தனி அனுபவக் கணக்கு. புதுக் கத்தி வாங்கினால் அதைப் பழக்க வேண்டும். கொலுசுப் பட்டறையில் புது ஆளை உட்கார வைத்த மாதிரி, முதல் மாசம் சேதாரம்தான்.

பட்டறை என்றதும் எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2003-இல் நானும் என் மாமா பையனும் சேர்ந்து கடை போட்டோம். அசெம்பிள் செய்து விற்பது, பழுது பார்ப்பது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர்கள் நிறையப் பேர் வருவார்கள். பட்டறைக்கு எத்தனை கிராம் வெள்ளி போனது, எத்தனை கிராம் கொலுசாகத் திரும்பியது, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். அதற்கு நான் விசுவல் பேசிக்கில் ஒரு கணக்கு சாஃப்ட்வேர் எழுதினேன். ஏழு பட்டறைக்கு விற்றேன். அதில் இரண்டு இன்னும் ஓடுகிறது, பழைய விண்டோஸ் எக்ஸ்பி மெஷினில். அந்த மெஷின் செத்தால் என்ன செய்வேன் என்று அந்த முதலாளிகள் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவேன். (நாங்கள் கடை திறந்த அதே வருஷம் டிசம்பரில் ஃபால்காம் டோக்கியோ பங்குச் சந்தையில் பட்டியலானது. சும்மா ஒரு தகவலுக்குச் சொன்னேன்.)

எங்கள் கடைக்கும் பையன்கள் வந்தார்கள். அதில் ஒருவனைக் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். நெசவுக் குடும்பம், பிளஸ் டூ முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தவன். டெலிவரிக்கு ரெடியாக இருக்கிற மெஷினில் உட்கார்ந்து எதையோ எழுதுவான். என்னடா என்றால், "பஸ்ணா." பழைய பஸ் ஸ்டாண்டில் கிளம்பி ஏற்காடு போகிற பஸ். மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு நீலச் சதுரம், அதுதான் பஸ். பாதை பச்சைக் கோடு. 20 கொண்டை ஊசி வளைவையும் வரிசையாகப் போட்டிருந்தான். வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்பினால் எதிரே ஒரு லாரி வரும். ஹாரனுக்கு ஸ்பேஸ் பார். இன்று நினைத்தாலும் அது நல்ல யோசனை.

ஒருநாள் அந்த மெஷினை வாங்குகிறவர் வந்துவிட்டார். பையனை எழுந்திருக்கச் சொன்னேன். சாதாரணமாகச் சொல்லவில்லை. "கரண்ட் பில் உங்கப்பனா கட்றாரு" என்றேன், வாடிக்கையாளர் முன்னால். மச்சானும் சிரித்தான். குட்டி ஒன்றும் பேசவில்லை. எழுதியதைப் பிளாப்பியில் எடுத்து வைத்துக்கொள்ளக்கூட நேரம் கொடுக்கவில்லை, மெஷின் பேக் ஆகி ஆட்டோவில் ஏறிவிட்டது. அதற்கப்புறம் அவன் கடைக்கு வரவில்லை.

காதோ கடையைப் பற்றிப் படித்த அன்று இதுதான் ஞாபகம் வந்தது. வேறெதுவும் வரவில்லை.

சரி, ஃபால்காமுக்கு வருவோம். சனாடு கஷ்டமான விளையாட்டு. அந்தக் காலத்து கேம்கள் எல்லாமே அப்படித்தான், ஆடுகிறவனை அழ வைத்தால்தான் பெருமை. 1987-இல் ஃபால்காம் ஈஸ் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. விளம்பரத்தில் போட்ட வாசகத்தின் பொருள், இனி ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் போய் ஆடுகிற கேம்) அன்பின் காலத்துக்குள் வருகிறது என்பது. சிவப்பு முடிக்காரன் ஆடோல் கதாநாயகன். அவனிடம் கத்தி இருக்கிறது, ஆனால் அடிக்கிற பட்டன் கிடையாது. எதிரி மேல் போய் இடிக்க வேண்டும், அவ்வளவுதான். நேராக இடித்தால் உனக்கும் அடி. உடம்பில் பாதி அளவு பக்கவாட்டில் தள்ளி இடித்தால் அவனுக்கு மட்டும் அடி. ஜப்பானில் இதற்குப் பெயரே 'அரை ஆள் தள்ளல்' என்கிற அர்த்தத்தில்தான். பழைய பஸ் ஸ்டாண்டில் சாயந்திரம் ஆறு மணிக்கு டவுன் பஸ் ஏறத் தெரிந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடிபட்டால் வெளியில் போய் சும்மா நின்றால் போதும், உயிர் தானாக ஏறும். வெட்டவெளியில் நின்று மூச்சு வாங்குகிற ஆடோலைப் பார்த்தால் ஏற்காடு ஏரிக்கரையில் பஸ் வாந்திக்குப் பிறகு நிற்கிற என் சின்ன மகள் ஞாபகம்தான்.

அந்த ஈஸின் இசை யூசோ கோஷிரோ. அம்மா பியானோ டீச்சர். 18 வயதில் தன் பாட்டுகளை ஒரு கேசட்டில் போட்டு ஃபால்காமுக்கு அனுப்பினார். அதை அப்படியே எடுத்து 1986-இல் வந்த சனாடு இரண்டாம் பாகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்து இங்கே கேசட் அனுப்பியவனுக்கு பதில் கடிதமே வராது.

இவர்களெல்லாம் நிலைத்து இருந்தார்களா என்றால் இல்லை. ஈஸை எழுதிய தொமோயோஷி மியாசாகி, மசாயா ஹாஷிமோதோ இருவரும் மூன்றாம் பாகத்தோடு வெளியேறி 1989-இல் குவிண்டெட் என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். கோஷிரோவும் போனார். இன்று உலகம் முழுக்கப் படம் ஓடுகிற அனிமேஷன் இயக்குநர் மகோடோ ஷின்காய்கூட 90-களின் கடைசியில் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்தான். பகலில் ஃபால்காம் கேம்களுக்கு ஆரம்பக் காட்சி செய்வது, ராத்திரி வீட்டில் சொந்தக் குறும்படம். 2001-இல் வேலையை விட்டார். வளர்த்துவிட்ட பையன் வேறு கடை போடுவது எங்கள் தொழிலில் சகஜம். அதற்காகச் சண்டை போட்டுக் கோர்ட்டுக்குப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எனிக்ஸ், ஸ்கொயர் மாதிரி மற்ற கேம் கம்பெனிகள் எல்லாம் டிவியில் மாட்டுகிற நின்டெண்டோவுக்குப் போய்ப் பெரிய ஆளானபோது, ஃபால்காம் கம்ப்யூட்டரையே பிடித்துக்கொண்டிருந்தது. டிவி கேம் வேண்டுமானால் ஹட்சன் மாதிரி வேறு கம்பெனிக்கு உரிமையைக் கொடுத்துவிடும். இது பிடிவாதமா புத்திசாலித்தனமா என்று எனக்குள் ஒரு பட்டிமன்றமே நடந்திருக்கிறது. பிடிவாதம் என்றுதான் நான் சொல்வேன். அந்தச் சந்தை சுருங்கியபோது ரொம்பவே கஷ்டப்பட்டார்கள், கடைசியில் பிஎஸ்பிக்கு வந்துதான் மூச்சு வாங்கினார்கள். ஆனால் ஊர் மாறவில்லை. இன்றும் அதே தச்சிகாவா.

இன்னொரு பையன் கதையும் இருக்கிறது. தோஷிஹிரோ கோந்தோ. படிக்கிற காலத்தில் ஃபால்காமின் லெஜண்ட் ஆஃப் ஹீரோஸ் தொடருக்காக இணையத்தில் ஒரு ரசிகர் பக்கம் நடத்தியவர். 1998-இல் வேலைக்குச் சேர்ந்தார். 2007-இல் கம்பெனியின் தலைவர். கடை பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தவனைக் கூப்பிட்டுக் கல்லாவில் உட்கார வைத்த மாதிரி. காதோ 2024 டிசம்பரில் காலமானார். செய்தியைப் படித்துவிட்டு மச்சானிடம் சொன்னேன். யாரு என்றான். கம்ப்யூட்டர் கடைக்காரர் என்றேன்.

குட்டியைப் போன வருஷம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். ஓசூரில் ஒரு ஆலையில் ஷிப்ட் இன்சார்ஜ், இரண்டு பிள்ளைகள், லேசாகத் தொப்பை. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, பல வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். அன்று அப்படிப் பேசியிருக்கக் கூடாது, அந்த பஸ் கேம் நல்லா இருந்தது என்று. அவன் ரசத்துக்குக் குழி பண்ணிக்கொண்டே, "எந்த கேம்ணா?" என்றான். உண்மையிலேயே மறந்துவிட்டிருந்தான். கரண்ட் பில் பேச்சு மட்டும் நினைவிருந்தது. சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

இப்போது கடையில் பாலிடெக்னிக் முடித்த ஒரு பையன் இருக்கிறான். மதியம் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் அவனுக்கு. ஈஸ் முதல் பாகத்தின் புது வடிவம் கம்ப்யூட்டருக்கு மலிவாகக் கிடைக்கிறது, வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். ஊருக்கு வெளியே முதல் எதிரியிடமே செத்தான். மறுபடி செத்தான்.

"அண்ணா, இதுல அடிக்கிற பட்டன் எதுண்ணா?"

"பட்டன் இல்ல. அரை ஆள் தள்ளி இடிக்கணும்."

"எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கம்னாலும் சரி. நேரா மட்டும் போகாத."

பிரிண்டர் வாங்கிப் போக ஆள் வந்து நின்றார். நான் எழுந்து போனேன்.